மறுபடியும் தாது வருஷம்

அண்ணே,

இன்று சித்திரை முதல் தேதி. பிரிக்ஃபீல்ட்ஸ் கடையில் புதுக் காலண்டர் கொடுத்தார்கள். மை வாசனை போகாத தாளில் ஒரே வருஷத்துக்கு நான்கு பெயர்கள். இங்கிலீஷில் 1936, மலாய்க்காரருக்கு ஹிஜ்ரி 1355, சீனருக்கு எலி வருஷம், நமக்குத் தாது. அந்தக் கடைசிப் பெயரைப் பார்த்ததும் காகிதம் எடுத்து எழுத உட்கார்ந்துவிட்டேன். அறுபது வருஷச் சுற்று முடிந்து, நீங்கள் பிறந்த வருஷம் திரும்பி வந்திருக்கிறது. நீங்கள்தான் இல்லை.

ரயில் பட்டறையில் ஆள் பதியும் ஏட்டோடு நான் உட்கார்ந்த முதல் வாரம். கரி படிந்த கையைத் துடைத்துக்கொண்டு என் மேசை முன் நின்றீர்கள்.

"பொறந்த வருஷம் சொல்லுங்கண்ணே."

"தாது வருஷம், தை மாசம். பஞ்சத்துல பொறந்தவன் தம்பி, சோறு கொஞ்சம் கூடத்தான் தின்பேன்."

சிரித்துக்கொண்டே, தாதுவுக்கு நேரான இங்கிலீஷ் வருஷத்தைப் பார்த்து 1876 ஜனவரி என்று எழுதினேன். தாது பிறந்ததே அந்த ஏப்ரலில்தான். அதன் தை மாதம் வருவதற்குள் இங்கிலீஷில் 1877 பிறந்துவிடும். பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். பேனா பிடிக்கும் கிராணி வேலை கிடைத்த மிதப்பில் எனக்குத் தோன்றவில்லை.

பதினைந்து வருஷம் கழித்து, வேலையில்லாதவர்களை ஊருக்குக் கப்பலேற்றிக்கொண்டிருந்த சமயத்தில், ஐம்பத்தைந்து நிறைந்துவிட்டதென்று உங்களுக்கு ஓய்வுத் தாள் வந்தது.

"இன்னும் ஒரு வருஷம் இருக்குன்னுல்ல நெனச்சேன்" என்றீர்கள்.

அப்போதுதான் ஏட்டைப் புரட்டினேன். தப்பு தெரிந்தது. ஆபீசிலும் ஆள் குறைத்துக்கொண்டிருந்தார்கள். சொன்னால் என் வேலை போய்விடும் என்று பயந்தேன். "ஏட்டுல அப்படித்தாண்ணே இருக்கு" என்றேன்.

"நீ எழுதுனதுதானே? அப்ப சரியாத்தான் இருக்கும்."

வேலையோடு குடியிருந்த குவார்ட்டர்ஸ் வீடும் போயிற்று; உங்களையும் ஊருக்குக் கப்பலேற்றினார்கள். பஞ்சத்தில் எல்லாரையும் பறிகொடுத்த உங்களுக்கு அந்தக் கரையில் யார் இருந்தார்கள்? கிள்ளான் துறைமுகம் வரை கூடவே வந்தேன். அங்கேயும் வாய் திறக்கவில்லை. கரை சேரும் முன்பே காய்ச்சலில் போய்விட்டீர்கள் என்று அதே கப்பலில் போனவர் கடிதம் போட்டார்.

இப்போதெல்லாம் யார் பிறந்த வருஷம் சொன்னாலும் மாதத்தை இரண்டு தரம் கேட்கிறேன். "என்ன கிராணி, ஜாதகம் எழுதப் போறீங்களா?" என்று கேலி செய்கிறார்கள். யாராவது தை என்று சொல்லிவிட்டால் அவர் பின்னால் நீங்கள் நிற்கிறீர்கள். கரி படிந்த கை, அதே சிரிப்பு. நிமிர்ந்து பார்க்கப் பயமாக இருக்கிறது அண்ணே.

வரும் தையில் உங்களுக்கு அறுபது நிறையும். நான் எழுதிய ஏட்டில் அது போன தையிலேயே முடிந்துவிட்டது.