மஸிலுக்குள் ஒரு சுண்டெலி

என் அன்பான, கடைசியில் ஜெயித்துவிட்ட கணவருக்கு,

நீங்கள் சொன்னதுதான் சரி. நேற்று சாயங்காலம் என் டியூஷனில் உங்கள் எலி கிடைத்துவிட்டது. இதை எழுதும்போதே கை பரபரக்கிறது.

ஞாபகம் இருக்கிறதா? அம்பத்தூர் எஸ்டேட் ஃபேக்டரியில் ஷிஃப்ட் முடித்து வந்ததும் டியூஷன் பிள்ளைகள் முன்னால் சட்டைக் கையைச் சுருட்டுவீர்கள். முழங்கையை மடக்கி, புஜத்தை ஏற்றி இறக்கி, "இன்னா பாக்குறீங்க, உள்ள சுண்டெலி ஓடிகினு கீது" என்பீர்கள். பிள்ளைகள் தொட்டுப் பார்த்துச் சிரிப்பார்கள். ஒருநாள் எனக்குக் கோபம் வந்துவிட்டது. "எலியும் இல்ல, புலியும் இல்ல, அது மஸில். தெரியாததப் பிள்ளைங்களுக்குச் சொல்லித் தராதீங்க" என்று அத்தனை பேர் முன்னாலும் சொல்லிவிட்டேன்.

அதற்கப்புறம் டியூஷன் நேரத்தில் நீங்கள் கூடத்துப் பக்கமே வரவில்லை. மன்னிப்புக் கேட்கலாம், கேட்கலாம் என்று நாளைத் தள்ளினேன். போன ஆடியில் நீங்கள் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள்.

நேற்று இங்கிலீஷ் டிக்டேஷன். மஸில் (muscle) ஸ்பெல்லிங்கில் 'சி' (c) என்ற எழுத்தை முக்கால்வாசிப் பேர் விட்டுவிட்டார்கள். "வாயில வராத எழுத்து இன்னாத்துக்கு மிஸ் அங்க கீது?" என்று கேட்டாள் இந்த வருஷம் சேர்ந்த ஏழாம் வகுப்பு கவிதா. எனக்கும் தெரியவில்லை. போனில் தேடினேன். லத்தீனிலிருந்து வந்த சொல்லாம். அங்கே அது 'மூஸ்குலுஸ்'. அந்த 'சி'யை 'க' என்று வாய் நிறையச் சொல்வார்களாம். 'மூஸ்' என்றால் எலி. அப்படியானால் மூஸ்குலுஸ்? சுண்டெலிங்க, சுண்டெலி! தோலுக்கடியில் எலி ஓடுவது போலத் தெரிவதால் அந்தப் பெயராம். நம் தெருமுனைப் பிள்ளையாரின் மூஷிகத்தின் பெயரும் இதே வம்சம்தானாம். ரோமாபுரிக்காரர்களுக்குத் தோன்றியது நம் ஊர் கோவில்பதாகையில் உங்களுக்கு எப்படித் தோன்றியது?

நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு அக்கா ஓடி வந்துவிட்டார். பிள்ளைகள் எல்லோரும் கையை மடக்கி எலி தேடிக்கொண்டிருந்தார்கள். மஸிலுக்குள் எலி இருக்கிறது என்று இங்கே முதலில் யார் சொன்னது என்று கவிதா கேட்டாள்.

"எங்க வீட்டுக்காரர். நான்தான் தப்புன்னு சொல்லிட்டேன்" என்றேன். இதையும் அத்தனை பேர் முன்னாலும்தான் சொன்னேன்.

இனி எந்த வகுப்பில் இந்தச் சொல் வந்தாலும் முதலில் கையை மடக்கச் சொல்வேன். உங்கள் எலி ஓடிய பிறகுதான் ஸ்பெல்லிங். இது சத்தியம்.

தோற்றுப்போன சந்தோஷத்தில் தலைகால் புரியாமல் நிற்கும்,
உங்கள் மனைவி, உங்கள் டீச்சரம்மா