உன் ஃபோனுக்கு வரும் கடைசி எண்

அண்ணா,

குழாய் ரிப்பேர்க்காரர் பத்து மணிக்கு வருவார். சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன், சூடாக்கிக்கொள்.

பதினொரு மணிக்கு, என் மெயிலைத் திறப்பதற்கான ஆறு இலக்க எண் ஒன்று உன் ஃபோனுக்கு வரும். நூலகத்திலிருந்து கூப்பிடுவேன், எண்ணை மட்டும் சொல். போன வாரம், "எதுக்கு? யாருக்கு? அண்ணன்கிட்ட சொல்லக் கூடாதா?" என்று நீ கேட்டு முடிப்பதற்குள் எண் காலாவதியாகிவிட்டது. பரிசோதனைக்கூட வேலைக்கான நேர்காணல் கைநழுவிப் போனது. மறுபடியும் மெயில் அனுப்பியிருப்பதாக ஃபோனில் சொன்னார்கள். இன்று மாலைக்குள் நான் பதில் போட வேண்டும்.

பள்ளியில் படிக்கும்போது என் மெயிலுக்கு உன் நம்பரைக் கொடுத்தோம். ஏழு வருடமாக எனக்கு வந்த கடிதத்தை நான் படிக்க உன்னிடம் எண் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இனி எண் என் ஃபோனிலேயே தெரியும்படி ஓர் ஆப் வைத்துக்கொள்ளப் போகிறேன். நான்கு ஆப்களைப் பார்த்தேன். மூன்று, சிம் நம்பர் கேட்டன. என் சிம்மும் உன் பெயரில்தான் இருக்கிறது. நான்காவது எதுவும் கேட்கவில்லை, அதையே எடுத்துக்கொண்டேன். ஆனால் அதற்கு மாறுவதற்கும் உன் ஃபோனுக்கு வரும் எண்தான் வேண்டுமாம்.

உன்மேல் கோபமில்லை. நேற்று நேரில் கேட்க மூன்று முறை வாயைத் திறந்தேன். மூன்று முறையும் தண்ணீர்தான் கேட்டேன்.

பி.கு.: ஃபோன் தொலைந்தால் உதவ மெயில் கணக்கு பத்து எண்கள் தரும். அவற்றைக் காகிதத்தில் எழுதி, வீட்டில் யாரும் பார்க்காத இடத்தில் வைக்கச் சொல்கிறது. இந்த வீட்டில் நீ திறந்து பார்க்காத இடம் எது என்று காலையிலிருந்து யோசிக்கிறேன்.