என் பெயர் எழுதிய குப்பி

நெய்வேலி

மகள் சண்முகப்பிரியாவுக்கு,

உன் தந்தை சிவப்பிரகாசம் எழுதுகிறேன். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நீ என்மீது சுமத்திய குற்றத்தை மறுப்பதே இக்கடிதத்தின் நோக்கம். நான் நலம். உன் அம்மா நலமாக இல்லை. காரணம் கீழே வரும். டென்மார்க்கின் குளிரில் நீ நலமாக இருப்பாய் என நம்புகிறேன்.

பொங்கலுக்கு வந்திருந்தபோது உன் குடல் நுண்ணுயிர் ஆராய்ச்சிக்கென எனக்கும் அம்மாவுக்கும் ஆளுக்கொரு குப்பி கொடுத்து மல மாதிரி கேட்டாய். தர இயலாது என்று நான் தெளிவாகச் சொன்னேன். ஆயினும் என் பெயர் எழுதிய குப்பி நிரம்பி உன்னோடு போயிருக்கிறது. சென்ற ஞாயிறன்று குழுவில் எழுதுகிறாய், இருவர் குடலிலும் நல்ல நுண்ணுயிர்கள் பெருமளவு அழிந்துவிட்டன, மிஞ்சியவையும் இருவருக்கும் அச்சு மாறாமல் ஒன்றாகவே இருக்கின்றன, அப்பாதான் கடையில் ஆன்டிபயாடிக் வாங்கித் தானும் விழுங்கி அம்மாவுக்கும் கொடுக்கிறார் என்று. உன் தாய்மாமன் செல்வகுமார் விடிந்ததும் போன் செய்து, "என்னா மாமா, ஊருக்கெல்லாம் ரூல்ஸ் பேசிகினு மாத்திரய மிட்டாய் மாதிரி முழுங்கிகினு இருந்தீங்களாமே" என்று சிரிக்கிறான். இம்மாத்திரைகளைக் கண்டபடி தின்று உலகெங்கும் மனிதர்கள் தம் குடலில் வாழும் உயிர்களைக் கொல்கிறார்கள், செரிமானத்துக்கும் நோய் எதிர்ப்புக்கும் அவை வேண்டும் என்று நீ எழுதியதில் எனக்கு மறுப்பில்லை. மறுப்பு உன் முறையில். சுரங்க ஆய்வகத்தில் நான் கரி மாதிரிகளைச் சோதிப்பவன். இரண்டு இடத்துக் கரி இம்மி பிசகாமல் ஒன்றுபோல் வந்தால், ஒரே குவியலிலிருந்து இரண்டு பையையும் நிரப்பிவிட்டார்கள் என்றுதான் முதலில் சந்தேகிப்போம். நீயோ, ஒரே சமையலை உண்ணும் தம்பதி என்று வியந்து எழுதுகிறாய்.

அம்மாவைக் கேட்டேன். மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தாள். பிறகு, பிள்ளை கேட்டதை இல்லையென்று அனுப்பக் கூடாதே என்று இரண்டையும் தானே நிரப்பியதாகச் சொன்னாள். வடலூருக்குக் காய்கறி வாங்கப் போகும்போதெல்லாம் வயிற்றுப்போக்குக்கென்று மருந்துக்கடையில் அந்த மாத்திரையைக் கேட்டு வாங்கியிருக்கிறாள், போக்கு நின்றதும் விட்டுவிடுவதும் மறுபடி தொடங்குவதுமாக ஓராண்டுக்கு மேல். என்னிடம் ஏன் மறைத்தாய் என்றேன். "உங்ககிட்ட சொன்னா வயித்துக்கு என்னான்னு கேக்க மாட்டீங்க, டாக்டர் சீட்டு எங்கன்னுதான் கேப்பீங்க" என்றாள். கேட்டிருப்பேன், அதுதான் முறை. இப்போது அவள் பாதிச் சோறும் உண்பதில்லை. வளையல் முழங்கை வரை ஏறுகிறது. இங்கே வந்து தங்கியிருந்த நீ அவள் மலத்தை எடுத்துப் போனாய், அவள் கையைப் பார்க்கவில்லை. ஒரே வீட்டில் இருக்கும் எனக்கும் இது பொருந்தும் என்று நீ பதில் எழுத வேண்டாம்.

என் பெயரிலுள்ள முடிவை உன் ஆராய்ச்சியிலிருந்து நீக்கு. உன் தவற்றைக் குழுவில் நீயே எழுது. அதுவரை என்னை அழைக்காதே. அம்மாவை நாள்தோறும் அழை. உடல்நலமும் நிதானமும் உனக்குக் கூடி வரட்டும்.

நாளைக் காலை ஷிப்டுக்கு விடுப்புச் சொல்லிவிட்டு அவளை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்கிறேன். என்ன மாத்திரை, எத்தனை நாள் என்று டாக்டர் கேட்பார். அவளே சொல்லட்டும். சீட்டைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல் நான் பக்கத்தில் நிற்பேன்.

இப்படிக்கு,
சிவப்பிரகாசம்