களத்துல நிக்கிற மழை டப்பா

கார்த்திகை 9, செவ்வாய்

கொழுந்தனார் மக மழைய ஆராய்ச்சி பண்றவ. மரமில்லாத எடம் வேணும்னு என் களத்துல மழை அளக்குற டப்பாவ வெச்சிருக்கா. ராவெல்லாம் கொட்டியும் இன்னிக்கு டப்பா காஞ்சி கெடந்துது. வாய்க்கு யாரோ பிளாஸ்டிக் பைய கட்டியிருந்தாங்க.

"பெரிம்மா, உனக்கு இன்னா இவ்ளோ வயித்தெரிச்சல்?"னு தெருவே கேக்க கத்தினா.

கட்டினது அவ அம்மா. "மிஷினு நனைஞ்சி கெட்டுடும்னு மூடினேன்டி"ன்னு அவளே வந்து சொன்னா. ஒடனே மகளுக்கு சிரிப்பு. என்கிட்ட ஒரு வார்த்த இல்ல. பாகம் பிரிச்சப்போ இவ அப்பன் என்னைத் திருடின்னான். அதையே நான் மறக்கல.

நாளைக்கு காலையில டப்பாவ எடுத்துடுன்னு சொல்லிட்டேன். "எடம் மாத்தினா இத்தினி வருஷ வேலையும் வீணாயிடும் பெரிம்மா"ன்னு அழுதா. அழட்டும். அவ அம்மா வூட்டு மாடியிலயும் மழை பெய்யுது, அங்க போய் அளந்துக்கட்டும்.