பொரி அடைத்த மழைமானியும் திறக்காத மதகும்

அனுப்புநர்:
கோ. புருஷோத்தமன்,
பூஜைப் பொருள் மொத்த வியாபாரம்,
கடலூர் சாலை, தவளக்குப்பம், புதுச்சேரி.

பெறுநர்:
செயற்பொறியாளர் அவர்கள்,
ஆற்று வடிநில மழை, வெள்ள ஆய்வுத் திட்டம்,
புதுச்சேரி.

பொருள்: களநிலைய மழைமானியைக் கழுவவும், அதன் பொய்க் கணக்கை ரத்து செய்து எங்கள் தெருவைக் காக்கவும் வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. சைக்கிளில் கற்பூரம் விற்று, இன்று மொத்தக் கடை நடத்துபவன் நான். என் கடைக்கு எதிரில் தங்கள் களநிலையம். அதன் மொட்டை மாடியில் இருக்கும் மழைமானி மழை காட்டினால்தான், எங்கள் தெருத் தண்ணீரை ஆற்றில் விடும் மதகைத் திறக்கலாம் என்பது தங்கள் உத்தரவு.

2. ஆயுத பூஜையன்று தங்கள் ஊழியர்கள் அந்தக் கருவிக்கும் பூஜை போட்டார்கள். அதில் குற்றமில்லை. நானும் தராசுக்குப் பொட்டு வைப்பவன்தான். ஆனால் பொட்டைத் தராசின் உடம்பில் வைப்பேன். தட்டில் சந்தனத்தைக் குழைத்து ஊற்றிவிட்டு எடை போட மாட்டேன். தங்கள் ஆட்களோ மழைநீர் இறங்க வேண்டிய புனலிலேயே சந்தனத்தை அப்பி, மேலே பொரியைக் கொட்டி, மாலையும் போட்டுவிட்டு இறங்கிவிட்டார்கள். சந்தனம் என் கடைச் சரக்கு, மலிவு ரகம். காய்ந்தால் சுண்ணாம்பாக இறுகும் என்று விற்கும்போதே சொன்னேன். இறுகிவிட்டது.

3. ஐப்பசி அடைமழையில் தெருவில் முழங்கால் தண்ணீர். மதகுக் காவலர் ராஜவேலிடம் ஓடினேன். குடை பிடித்து நின்றுகொண்டு, "ரீடிங் ஜீரோண்ணே. மழ பெஞ்சாத்தான் தொறக்கணும்னு உத்தரவு" என்றார். "அப்ப அந்தக் குடைய மடக்குடா" என்றேன். "குட வேற, உத்தரவு வேறண்ணே" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். உத்தரவில் குடை இல்லை.

4. என் பின்வீட்டு செல்வாம்பாள் அம்மாள், இடுப்பெலும்பு முறிந்து படுத்த படுக்கையாக இருப்பவர். கட்டில் மட்டத்துக்குத் தண்ணீர் ஏறியதும், கதவைக் கழற்றி அதில் கிடத்தித் தூக்கி வந்தோம். களநிலையத்தைக் கடக்கும்போது, கருவி மழையே காட்டாத விவரத்தைக் கேட்டவர், "மழையே இல்லன்னா என்ன எதுக்குடா தூக்குறீங்க? எறக்குங்க, நடந்து வர்றேன்" என்றார். எல்லோரும் சிரித்தோம். அவர் உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது.

5. மழை விட்டதும் தங்கள் உதவிப் பொறியாளர் அம்மையாரை அழைத்துப்போய்ப் புனலைக் காட்டினேன். கருவியைத் தொட வெளியூரிலிருந்து கம்பெனி ஆள்தான் வர வேண்டும், நான் கழுவினால் அரசுச் சொத்தைச் சேதப்படுத்திய வழக்கு வரும் என்றார். பொரி கொட்ட மட்டும் எந்தக் கம்பெனி ஆளும் வரவில்லை.

6. இதற்குப் பிறகும் தங்கள் அலுவலகம், அது மழையில்லாத வாரம் என்று அறிக்கை கொடுத்து, எங்கள் தெருவை வெள்ள அபாயப் பட்டியலிலிருந்து நீக்கியிருக்கிறது. அந்தப் பட்டியலின் பேரில் தெருவுக்குத் தந்திருந்த, தண்ணீர் இறைக்கும் மோட்டாரையும் நேற்று ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். இத்தனை படித்தவர்களில் ஒருவர்கூட ஜன்னல் வழியாகப் பார்க்கவில்லை என்பதை நம்ப எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

வங்கக் கடலில் அடுத்த தாழ்வு நிலை உருவாகியிருப்பதாகச் செய்தி. செல்வாம்பாள் அம்மாள் அதே கட்டிலில்தான் இருக்கிறார். ஆகவே அந்த அறிக்கையை ரத்து செய்து, மோட்டாரைத் திருப்பி அனுப்பி, புனலைக் கழுவ ஆணையிடக் கோருகிறேன். கம்பெனி ஆள் வரும்வரை ராஜவேலுக்கு ஒரே ஒரு வரி உத்தரவு போதும்: அவர் குடை நனைந்தால் மதகைத் திறக்கலாம்.

இடம்: தவளக்குப்பம்
நாள்: 03.11.2025

வணக்கத்துடன்,
(ஒப்பம்)
கோ. புருஷோத்தமன்

இணைப்பு: புனலின் மேலிருந்து எடுத்த, ஊறிப் புளித்த பொரி, ஒரு பொட்டலம். அடியில் உள்ள சந்தனத்தைத் தொடவில்லை, வழக்கு வரும்.