வாய்தா வாங்கிய விண்வெளிக் கேப்டனும் விட்டுப்போன ஒரு பெயரும்

எந்த வழக்கையும் ஒரே நாளில் முடித்துப் பழக்கமில்லாத என் அன்பு அப்பாவுக்கு,

அந்த விண்வெளிக் கேப்டன் திரும்பி வந்திருக்கிறாள். நீங்கள் போன பிறகு இந்தப் பதினோரு மாதத்தில் ஊரில் எவ்வளவோ நடந்துவிட்டது. அம்மா கண்ணாடி போட்டிருக்கிறாள். டிராக்டருக்கு முன் டயர் இரண்டும் மாற்றியாயிற்று. ஆனால் நீங்கள் இருந்தால் முதலில் கேட்கப்போவது இதைத்தான் என்று எனக்குத் தெரியும்: "அந்தப் பொம்பள என்ன ஆனா?"

இந்தக் கடிதத்தை வேறு யாராவது படித்தால் விளங்க வேண்டுமே என்று, உங்களுக்குத் தெரிந்ததையும் கொஞ்சம் திரும்பச் சொல்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

பள்ளிக்கூடத்தில் கொடுத்த மடிக்கணினியில் ஓடுகிற விளையாட்டுகளே குறைவு. ஓடிய ஒன்றிரண்டில் இது ஒன்று. சுடுவது, குதிப்பது எதுவும் இதில் கிடையாது. பூமியை விட்டுப் போன ஜனங்கள் ஒரு விண்வெளி நிலையத்தில் குடியிருப்பார்கள். அவர்களுக்குள் தகராறு வரும். நாம் போய் விசாரித்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டும். படம் கொஞ்சம், பேச்சு அதிகம், எல்லாம் ஆங்கிலம். மக்காச்சோளம் அடித்துவிட்டு உடம்பெல்லாம் தூசியாக வந்த நீங்கள் ஒருநாள் எட்டிப் பார்த்து, "என்ன புள்ள, பஞ்சாயத்தா?" என்றீர்கள். ஆமாம்பா என்றேன். துண்டை உதறி உட்கார்ந்துவிட்டீர்கள். வரப்புத் தகராறு, ஆடு மேய்ந்த தகராறு என்று வாலிகண்டபுரம் வரைக்கும் உங்களைக் கூப்பிடுவார்கள். விண்வெளியிலிருந்து கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

கேப்டன் வழக்கு இதுதான். நிலையத்தில் தீப்பிடிக்கிறது. தீ பரவாமலிருக்க அவள் ஒரு கதவை மூடிவிடுகிறாள். கதவுக்கு இந்தப் பக்கம் இருந்தவர்கள் பிழைத்தார்கள். அந்தப் பக்கம் இருந்தவர்கள் மாட்டிக்கொண்டார்கள். திரையில் இரண்டே பட்டன்: தண்டனை, மன்னிப்பு.

"கதவுக்கு அந்தாண்ட இருந்தவங்க சொந்தக்காரங்க யாராச்சும் இருக்காங்களா? கூப்பிட்டு விசாரி."

"அதுக்கு வழியில்லப்பா. ரெண்டு பட்டன்தான்."

"ரெண்டு பட்டன வச்சிக்கிட்டு எவன் பஞ்சாயத்து பண்ணுவான்? வாய்தா கேளு."

வாய்தாவுக்குப் பட்டன் கிடையாது. நான் மடிக்கணினியை மூடிவைத்து, "வாய்தா குடுத்துட்டேன்பா" என்றேன். பதினோரு நாள் அது மூடியே இருந்தது. தினமும் சாயங்காலம் கை கழுவிக்கொண்டே கேட்பீர்கள்.

"அந்தப் பொம்பள இன்னும் நிக்கிதா?"

"நிக்கிதுப்பா."

"உக்காரச் சொல்லு. எவ்ளோ நேரம் நிக்கும்?"

பன்னிரண்டாம் நாள் திறந்தோம். கேப்டன் கடைசியாக ஒரு வாக்குமூலம் கொடுத்தாள். நான் அதைத் தமிழில் சொன்னேன்: "தப்புப் பண்ணிட்டேன், ஒத்துக்கறேன்ங்கறாப்பா." நீங்கள் உடனே துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டீர்கள். "ஒத்துக்கிட்டா அப்புறம் என்ன? முடிஞ்சுது. விடு." நான் மன்னிப்பை அழுத்தினேன்.

அப்பா, அவள் அப்படிச் சொல்லவே இல்லை. "இன்னொரு முறை நடந்தாலும் மூடத்தான் செய்வேன்" என்றுதான் சொன்னாள். அவளைத் தண்டிக்க எனக்கு மனசு வரவில்லை. அதனால் நானே ஒரு வரி சேர்த்துவிட்டேன்.

எனக்கு இந்தச் சேர்த்துச் சொல்லும் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று நீங்கள் கேட்கலாம். பஸ்ஸில் "ஸ்டாப்பிங்" என்று சொல்லக் கூச்சப்பட்டு அடுத்த ஊரில் இறங்கி நடந்து வருகிறவள் நான். அந்த விளையாட்டிலேயே 'எதுவும் பேசாமல் நிற்கவும்' என்ற பதிலைத்தான் எப்போதும் தேர்ந்தெடுப்பேன். "அங்கயுமா புள்ள? அங்க ஒன்ன யாருக்குத் தெரியும்?" என்று தலையில் அடித்துக்கொண்டீர்களே! அப்படிப்பட்ட நான் மூன்று வருஷம் உங்களுக்கும் செல்லதுரை சித்தப்பாவுக்கும் நடுவில் பேசியே பிழைப்பு நடத்தினேன்.

பேச்சு நின்ற கதை ஊருக்கே தெரியும். சித்தப்பா மகள் இனியாவின் காதணி விழாப் பத்திரிகையில் உங்கள் பெயர் இல்லை. பந்தல் போட்டவர் பெயர் வரைக்கும் இருந்தது, பெரியப்பா பெயர் மட்டும் விட்டுப்போயிருந்தது. நீங்கள் பத்திரிகையை விரல் வைத்து மேலிருந்து கீழே ஒருதடவை, கீழிருந்து மேலே ஒருதடவை படித்துவிட்டு, மடித்து, அது வந்த வெற்றிலைப்பாக்குத் தட்டிலேயே வைத்தீர்கள். "எழுதிக் குடுத்தேன், பிரஸ்காரன் வுட்டுட்டான்" என்றார் சித்தப்பா. "அவன் தப்ப பிரஸ்காரன் தலையில கட்டுறான்" என்றீர்கள் நீங்கள். அவர் வீடு மூன்றாவது வீடு. அன்றிலிருந்து அது வேறு மாவட்டம் ஆகிவிட்டது.

பிறகு இரண்டு பேரும் என் வழியாகப் பேசினீர்கள். "அந்தப் பயல சோளம் அடிக்கிற மெஷின கொண்டாந்து வுடச் சொல்லு, அது என்ன அவன் அப்பன் வூட்டு மெஷினா?" என்பீர்கள். (இரண்டு பேருக்கும் ஒரே அப்பன் என்பதை நான் சுட்டிக்காட்டியதில்லை.) நான் மூன்று வீடு நடந்து போய், "சித்தப்பா, சௌகரியப்பட்டா மெஷின் வேணுமாம்" என்பேன். "வந்து எடுத்துக்கிட்டுப் போவச் சொல்லு, கை காலு நல்லாத்தான இருக்கு?" என்பார் அவர். நான் திரும்பி வந்து, "கை கால் எல்லாம் சொகமான்னு கேட்டாருப்பா" என்பேன்.

போன மாதம் அந்த விளையாட்டுக்கு ஒரு விரிவாக்கம் வெளியிட்டார்கள். இரண்டாம் பாகம் இல்லை. பழைய வீட்டோடு சேர்த்துக் கட்டிய அறை மாதிரி. பழைய தீர்ப்புகளை எல்லாம் அது நினைவில் வைத்திருந்தது. கேப்டன் உயிரோடு இருந்தாள், நாம் மன்னித்ததால். இன்னொரு செய்தி: மூடிய கதவுக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களில் பலர் சாகவில்லை. தனியாக ஒரு நிலையம் அமைத்துக்கொண்டு இருக்கிறார்கள். இத்தனை வருஷத்தில் அவர்கள் பேச்சே மாறிவிட்டது. இரண்டு நிலையத்துக்கும் நடுவில் ஒரு மொழிபெயர்ப்பு இயந்திரம்.

விசாரிக்கப் போனால் தெரிகிறது, அந்த இயந்திரம் பல வருஷமாக வார்த்தையை மாற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறது. "உங்கள் காற்று தீர்ந்து சாவீர்கள்" என்று அங்கிருந்து சொன்னால், "உங்கள் காற்றுக்குழாயைச் சரிபாருங்கள், கவலையாக இருக்கிறது" என்று இங்கே சொல்லும். இவர்கள் போய்ப் பார்த்தால் குழாயில் உண்மையிலேயே ஓட்டை. உடனே நன்றி சொல்வார்கள். அங்கே இருப்பவர்களுக்கு எதற்கு நன்றி என்று விளங்காது. அப்படியே சண்டை இல்லாமல் காலம் ஓடிவிட்டது.

நான் சிரித்தேன். அப்புறம் சிரிப்பு வரவில்லை. எந்த ஊரிலோ உட்கார்ந்து யாரோ நம் தெருவைப் பார்த்து எழுதிய மாதிரி இருந்தது. அந்த இயந்திரம் என்னிடம் கேட்கிறது: "நான் செய்தது தவறா?" கீழே இரண்டு பட்டன். இரு தரப்புக்கும் உண்மையைச் சொல், சொல்லாமல் விடு. இந்தக் கதையை எழுதியவர்கள் கெட்டிக்காரர்கள். எது நல்ல பட்டன் என்று ஒரு சின்ன இசையைக்கூட வைத்துக் காட்டிக்கொடுக்கவில்லை.

வாய்தா குடுத்துட்டேன்பா.

அதே வாரம்தான் அம்மா வந்து கேட்டாள். "வருஷ நெனவு நாளுக்கு நோட்டீஸ் அடிக்கணும். சித்தப்பா பேரு போடுறதா வேணாமா? ஒங்கப்பா இருந்தா என்ன சொல்லுவாரு?"

ஆஸ்பத்திரியில் நீங்கள் என்னிடம் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "அவன் வரக் கூடாது. வந்தான்னா டிரிப்ஸ புடுங்கிட்டு எந்திரிச்சிப் போயிடுவேன்." நான் வராந்தாவுக்குப் போய்ச் சித்தப்பாவுக்கு போன் செய்து சொன்னது இது: "தம்பியப் பாக்கணும் போல இருக்குங்கறாரு." அவர் அடுத்த பஸ்ஸில் வந்தார். நீங்கள் சுவர்ப் பக்கம் திரும்பித் தூங்குகிற மாதிரி படுத்துக்கொண்டீர்கள். அவர் அரை மணி நேரம் நின்றுவிட்டு, ஒரு பை கொய்யாப்பழத்தை வைத்துவிட்டுப் போனார். அவர் செருப்புச் சத்தம் ஓய்ந்ததும் இரண்டு பழம் தின்றீர்கள். நான் பார்த்ததைப் பார்த்துவிட்டு, "பழத்து மேல என்ன கோவம்?" என்றீர்கள். இரண்டு நாளில் போய்விட்டீர்கள். சாவு வீட்டில் வந்தவர்களிடம் எல்லாம் சித்தப்பா அழுதுகொண்டே சொன்னார்: "தம்பியப் பாக்கணும்னு கேட்டாருய்யா எங்கண்ணன்."

அதை எப்படிப் பொய் என்று சொல்வேன்? ஆனால் அதைவிடப் பெரியது ஒன்று அடியில் கிடந்தது. அதை உங்களிடமும் சொல்லவில்லை.

அந்தக் காதணிப் பத்திரிகையை அடிப்பதற்கு முன் பிழை பார்க்க பிரஸ்ஸிலிருந்து அனுப்பிய புரூஃபைப் பார்த்தவள் நான்தான். "நம்ம வூட்ல படிச்ச புள்ள அது ஒண்ணுதான், அதுகிட்ட அனுப்புங்க" என்று சித்தப்பா என் போன் எண்ணைப் பெருமையாக பிரஸ்ஸில் கொடுத்திருந்தார். திறந்ததும் தலைப்பில் 'காதனி விழா' என்று இருந்தது. மூன்று சுழி ண வர வேண்டிய இடத்தில் இரண்டு சுழி ன. பிழையைப் பிடித்துவிட்ட சந்தோஷம் தாங்கவில்லை. வட்டம் போட்டு அனுப்பினேன். திருத்தி வந்தது. "ஓகே" என்றேன். ஒரு சுழியை எண்ணியவள், பெற்ற அப்பாவின் பெயர் இருக்கிறதா என்று பார்க்கவில்லை.

சித்தப்பா கேட்டபோது, "நான் பாக்கும்போது இருந்திச்சு சித்தப்பா" என்று சொல்லிவிட்டேன். கூச்சம் என்று சொல்லித் தப்பிக்கலாம். பயம்தான். அவர் அதை நம்பி பிரஸ்ஸுக்குப் போய் அந்த மனிதரை வாசலில் வைத்துச் சத்தம் போட்டார். "ஒங்க புள்ள ஓகே சொன்னதத்தாங்க அடிச்சேன்" என்று பிரஸ்காரர் தன் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தாராம்.

நீங்கள் "ஒத்துக்கிட்டா முடிஞ்சுது" என்று சொன்ன அன்றைக்கே நான் ஒத்துக்கொண்டிருக்கலாம். நீங்கள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தீர்கள். கேப்டனுக்கு வரி சேர்க்கத் தெரிந்த எனக்கு, சொந்த வரி வரவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தைய ஞாயிறு, மூன்று வீடு நடந்தேன். சித்தப்பா டிராக்டரைக் கழுவிக்கொண்டிருந்தார். முதலில் ஆஸ்பத்திரிப் பொய்யைச் சொன்னேன். அவர் தண்ணீர்க் குழாயைக் கையில் பிடித்தபடியே சிரித்தார்.

"அது எனக்கு அன்னிக்கே தெரியும் புள்ள. எங்கண்ணன் என்னிக்கி என்னியத் தம்பின்னாரு? 'அந்தப் பய'ம்பாரு. நீ 'தம்பி'ன்னியா, சரி, புள்ள வரச் சொல்லுதுன்னு வந்தேன்."

"சாவுல எல்லார்கிட்டயும் சொன்னீங்களே சித்தப்பா?"

"நல்லா இருந்திச்சு. சொன்னேன்."

அந்தச் சிரிப்பில் தைரியம் வந்து புரூஃப் கதையையும் சொன்னேன். சிரிப்பு நின்றது. குழாயைக் கீழே போட்டார். தண்ணீர் என் கால் வழியாகத் தெருவுக்குப் போனது. "அந்த மனுசன் தலையில கை வச்சிச் சொன்னாரே" என்றார். குழாயை மூடாமலே உள்ளே போய்விட்டார்.

ஒன்பது நாள். நான் அரியலூர் ஆபீஸுக்குப் போகும்போதும் வரும்போதும் அவர் வாசலில்தான் இருந்தார். என்னைப் பார்க்கவில்லை. உங்களைப் போலவே கழுத்தைத் திருப்புகிறார். ஒரே அப்பன் வீட்டுக் கழுத்து.

நேற்று சாயங்காலம் அம்மா அவர் வீட்டிலிருந்து வந்து சொன்னாள். "நோட்டீஸ்ல அவரு பேரப் போடலாமாம். அதே பிரஸ்ஸுலதான் குடுக்கணுமாம். என்னமோ புருப்பாம், அத இந்தத் தடவ அவரே பாக்குறாராம்." கொஞ்சம் நிறுத்தி, புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, "ஒன்னிய சாப்பிட வரச் சொன்னாரு" என்றாள்.

முதல் பாதி அவர் சொன்னதுதான். அம்மாவுக்கு அந்த வார்த்தையே தெரியாது. இரண்டாவது பாதியை யார் சொன்னது? இந்த வீட்டில் சேர்த்துச் சொல்கிறவள் நான் ஒருத்திதானா என்று அப்போதுதான் முதல்முறையாகச் சந்தேகம் வந்தது. நான் கேட்கவில்லை. கால் கழுவிக்கொண்டு போனேன்.

சித்தப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். அழைத்த முகமா, அழைக்காத முகமா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. எதுவும் பேசாமல் நிற்கவும் என்ற பட்டன் கண் முன்னால் வந்தது. அதை அழுத்தவில்லை அப்பா.

"சாப்பிட வந்தேன் சித்தப்பா."

அவர் வாயில் இருந்ததை மென்று முடிக்கிற வரைக்கும் நின்றேன். அப்புறம் தட்டை நகர்த்திப் பக்கத்தில் இடம் விட்டார்.

"உக்காரு. எவ்ளோ நேரம் நிப்ப?"

அப்பா, இந்தமுறை நோட்டீஸ் அடித்து வந்ததும் முதலில் உங்கள் பெயரைப் பார்ப்பேன், அடுத்து அவர் பெயரை, அதற்கப்புறம்தான் சுழி. அந்த இயந்திரம் இன்னும் பதிலுக்காக நிற்கிறது. அதையும் அதிக நாள் நிறுத்த மாட்டேன். எந்தப் பட்டனை அழுத்தினாலும் அது சொல்வதைச் சொன்னபடியே உங்களுக்குச் சொல்வேன். இடையில் ஒரு வரி சேர்க்கத் தோன்றினால், இது நான் சேர்த்தது என்று சேர்த்தே சொல்லிவிடுவேன்.

கலியபெருமாள் மகளும்,
அவர் தம்பி செல்லதுரையின் அண்ணன் மகளுமாகிய,
உங்கள் சுகந்தி