பசைக்குள் போன பெயர்

மண்டூரிலிருந்து வந்து எங்கள் வீட்டு மாப்பிள்ளையான என் மச்சான் குணத்துக்கு,

உன் சுவரொட்டிகளைப் பலகையில் பசை பூசி ஒட்டிவிட்டார்கள். சுவரிலிருந்து நாம் கழற்றி, நாற்பது வருடத்துக்கு மேல் காப்பாற்றி வைத்ததை மறுபடியும் ஒட்டிவிட்டார்கள். நடந்த அநியாயம் இதுதான்.

நீ கண்ணை மூடி எட்டு மாதமாகிறது. பழைய கச்சேரிச் சுவரொட்டிகளைக் கண்காட்சி வைக்கப்போகிறோம் என்று ஒரு கலைக்குழு வந்தது. நீ சுவரொட்டிகளைச் சுருட்டி வைத்திருந்த அந்தப் பிளாஸ்டிக் குழாயை உன் மகள் வசந்தி அப்படியே தூக்கிக் கொடுத்துவிட்டாள். அப்பாவின் சேகரிப்பை நாலு பேர் பார்க்கட்டும் என்று நினைத்தாள். அவளில் பிழையில்லை. மாமனிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

அந்தக் குழாயை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது. இடம்பெயர்ந்து ஓடியபோது உடுப்பை விட்டுவிட்டு அதைத் தூக்கி வந்தவன் நீ. காவலரணில் ஆமிக்காரன் துவக்கை நீட்டி, "இது என்ன குழாய்?" என்று கேட்டான். "பாட்டுக்காரன் சேர், உள்ளுக்கு பாட்டுக்காரன்" என்றாய். விரித்துக் காட்டினால், தோள்வரை முடி வளர்த்து எலெக்ரிக் கிற்றாரோடு ஒருவன் நிற்கிறான். "இந்த ஆள் இப்ப எங்க?" என்று ஆமிக்காரன் கேட்டானே! தேடப்படுகிற ஆள் என்று நினைத்துவிட்டான். அரை மணித்தியாலம் வெயிலில் நின்றோம்.

அந்த முடிக்காரனின் சுவரொட்டிதான் இன்று கண்காட்சியின் நடுவில் தொங்குகிறது. கொழும்பிலிருந்து வந்த றொக் கோஷ்டி. அதைப்போல் இன்னொன்று எங்கும் இல்லையாம். எனக்கு அதில் அக்கறை இல்லை. அதன் அடியில் இருப்பதில்தான் அக்கறை.

மழை ஊறிப் பசை இளகும்வரை காத்திருந்து, பஸ் நிலையச் சுவரில் அதை நீ தோசைக் கரண்டியால் கிளப்பினாய். நான் குடை பிடித்தேன். அடியில் ஒட்டியிருந்த கடதாசியும் சேர்ந்து வந்தது. அது உன் கச்சேரியின் சுவரொட்டி. நீ மேடையேறிய ஒரே ஒரு கச்சேரி. மூன்றாம் பாட்டில் கரண்ட் போய், மைக் இல்லாமல் நீ தொண்டை கிழியப் பாடி முடித்தாயே, அது. மறுவாரமே உன் பெயருக்கு மேல் முடிக்காரனை ஒட்டிவிட்டார்கள்.

பின்பக்கத்தை வெயிலில் பிடித்தால் எழுத்துகள் இடம் வலம் மாறித் தெரியும். மோட்டார் சைக்கிள் திருத்துகிற என் கடையில் கழற்றிக் கிடந்த பக்கக் கண்ணாடியில் வாசிப்போம். 'மண்டூர் குணம்'. உன் பெயர் அச்சில் வந்த ஒரே கடதாசி அதுதான்.

இரண்டையும் பிரிப்போம் என்று எத்தனை தரம் கேட்டேன்? "மறுகா பாப்பம் மச்சான்" என்பாய். எல்லாமே உனக்கு மறுகாதான். பிறகு, பிறகு, பிறகு. ஒருநாள் நான் கத்தியபோது, "அவன்ட படத்தக் கிழிச்சுப் போட்டு என்ட பேரப் பாக்கவா?" என்று கேட்டாய். உன் குரலை விட அவனுடைய கடதாசி பெரிதா என்று நான் ஏன் திருப்பிக் கேட்கவில்லை?

கண்காட்சிக்குப் போனேன். பின்னால் வெளிச்சம் புக வழியில்லை. முழுக்கப் பலகை. பொறுப்பாக நின்ற தம்பியிடம் கேட்டேன்.

"சுருண்டு சுருண்டு நிண்டிச்சு ஐயா. அதான் ஒட்டின நாங்க. வடிவா இருக்குத்தானே?"

"அடியில இன்னொண்டு இருக்கு மகன். என்ட மச்சான்ட பேர் இருக்கு."

"ஓம் ஐயா. கண்காட்சி முடியட்டும், மறுகா பாப்பம்."

உன் சொல்லையே என்னிடம் சொன்னான். அங்கே கிடந்த கதிரையில் இருந்துவிட்டேன். அவன் தண்ணீர் கொண்டுவந்து தந்தான். நல்ல பிள்ளைதான். ஆனால் நான் விடப்போவதில்லை.

வீட்டுக்கு வரும் வழியில்தான் எனக்குப் பிடிபட்டது. உன் கடதாசியின் முதுகுதான் பலகையில் ஒட்டியிருக்கிறது. முகம் மேலே பார்த்துக்கொண்டிருக்கிறது. முடிக்காரனைக் கிளப்பினால் நீ நேராகவே தெரிவாய்.

ஆகவே எல்லாரும் கேட்கட்டும் என்று எழுதுகிறேன். கலைக்குழு கண்காட்சி முடியும்வரை காத்திராமல் அந்தப் பலகையை ஆணியிலிருந்து இறக்க வேண்டும். கத்தியோ பிளேட்டோ யாரும் அதில் வைக்கக்கூடாது. கொடுத்தவள் வசந்தி, கேட்க வேண்டியவளும் அவள்தான், என்னோடு வர வேண்டும். தண்ணீர் தந்த தம்பி பலகையைச் சாயாமல் பிடிக்க வேண்டும். கேத்தல் ஆவியில் பசையை இளக்கி, மேல் கடதாசியை நான்தான் கிளப்புவேன். முடிக்காரன் முழுசாக வந்தால் அவர்களுக்கு. கிழிந்தால் கிழியட்டும், பழி எனக்கு. மறுகா என்ற சொல்லை அன்றைக்கு ஒருவரும் வாயில் எடுக்கக்கூடாது, நானும் எடுக்கமாட்டேன், இது உனக்கு நான் தருகிற வாக்கு. பிறகு, கண்ணாடி இல்லாமல், உன் பெயரை வசந்தி சத்தமாக வாசிக்க வேண்டும்.

உனக்குக் குடை பிடித்த,
உன் பெண்சாதியின் அண்ணன்,
ஆரையம்பதி.